பச்சை உடம்பும் மாற்றுக் கையும்

பல் துலக்குவது, குளிப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது, கதவைச் சாத்திக்கொண்டு கழிவறைக்குப் போவது, தலைவாருவது, இரவில் தொடர்ந்து நான்கு மணிநேரம் தூங்குவது, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நேரத்துக்குப் போடுவது. வளர்ந்த ஒரு பெண் இவற்றில் எதையும் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் பிள்ளையைப் பாத்துக்கோங்க, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லாமல் தமிழ்நாட்டில் எந்தத் தாயும் குளித்திருக்க மாட்டாள்.

தாய்மை ஒரு பெண்ணின் தன்பேணலை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. தியாகம் என்று சொல்லி வணங்கிவிட்டு நகர்வது ஒன்று. 'உங்களுக்கென்று தினமும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்' என்று அறிவுரை சொல்வது மற்றொன்று. இரண்டுமே தாயின் மனத்தைப் பற்றிப் பேசுகின்றன. மருத்துவம், மக்கள்தொகை ஆய்வுகள், நம் வீடுகளின் பழைய வழக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தாய் தன்னைப் பேணிக்கொள்ளும் நேரம் என்பது பிள்ளை இன்னொருவர் கையில் இருக்கும் நேரம்தான். அந்தக் கை யாருடையது, எத்தனை நாளைக்கு இருக்கிறது, அதற்கு என்ன விலை என்பதைக் கேட்காமல் இந்தக் கேள்விக்குள் போகவே முடியாது.

பச்சை உடம்புக்காரியின் நாற்பது நாள்

நற்றிணையின் 40ஆம் பாடல் பிள்ளை பெற்ற வீடொன்றைக் காட்டுகிறது. வீட்டில் மணி ஒலிக்கிறது, பாணர்கள் காவலிருக்கிறார்கள், நற்சொல் கேட்பதற்காகப் பெண்கள் ஒருபுறம் நிற்கிறார்கள். மெத்தென்ற துணிப்படுக்கையில் செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகும் நெய்யும் பூசப்பட்ட உடம்போடு தாய் தனியே கண்மூடித் தூங்குகிறாள். நள்ளிரவில் கணவன் திருடனைப்போல வந்து சேர்கிறான். மருதத் திணையின் ஊடல்தான் பாடலின் நோக்கம். ஆனால் இன்றைய கண்ணுக்கு அதில் படும் செய்தி வேறு: குழந்தையைச் செவிலி வைத்திருப்பதால் தாய் தூங்குகிறாள். வசதியுள்ள வீடு அது என்பதில் ஐயமில்லை. உழைத்துப் பிழைத்த குடிசையில் செவிலி ஏது? என்றாலும், பெற்றவளின் உடம்புக்குத் தனிக் கவனிப்பும் அவளுக்கென்று தனித் தூக்கமும் வேண்டும் என்ற அறிவு அவ்வளவு பழையது.

அந்த அறிவின் நாட்டுப்புற வடிவம்தான் 'பச்சை உடம்பு' என்ற கருத்து. பிள்ளை பெற்றவளின் உடம்பு ஆறாத காயம் போன்றது, காற்றும் குளிரும் வேலையும் அதன்மேல் படக்கூடாது என்று வீடு நம்பியது. தாய்வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ வைத்துக்கொண்டார்கள். பூண்டுக் குழம்பு, உளுந்தங்களி, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, சுக்கும் திப்பிலியும் சேர்த்துக் கிண்டிய பிரசவ லேகியம் என்று பத்தியம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் சரக்குத்தூள் போட்ட கறி. முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் குளிப்புவரை ஓய்வு. நொச்சியிலையும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் அடித்து ஊற்றுவார்கள். பழைய நூல்சேலையைக் கிழித்து வயிற்றைக் கட்டிவிடுவார்கள். 2015இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் பச்சிளங் குழந்தைக்கான துண்டு, சட்டை, கொசுவலை ஆகியவற்றோடு தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியத்தையும் வைத்தார்கள். பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது அரசு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர் லேகியத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வெந்நீர் ஊற்றும்போது பிள்ளை வேறொருத்தியின் மடியில் இருந்ததே, அங்கேதான் இருந்தது. தாய் செய்ய வேண்டியது பால் கொடுப்பதும் படுத்திருப்பதும் மட்டும். தன்னைத் தானே பேணிக்கொள்ளும் பொறுப்பைக்கூட அவளிடமிருந்து எடுத்து வீட்டுப் பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அதே கை அவளைக் கட்டியும் போட்டது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று அளந்து ஊற்றிய வீடுகள் எத்தனையோ. தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீர். முதல் ஆறு மாதத்தில் ஒரு தாய் நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் பால் சுரக்கிறாள். அவளைத் தாகத்தோடு வைத்திருப்பது மலச்சிக்கலுக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் வழி. தலைக்குக் குளிக்கக் கூடாது, படிக்கக் கூடாது, பழம் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், நடு அறையைத் தாண்டக் கூடாது, தீட்டு கழியும்வரை யாரையும் தொடக்கூடாது. கவனிப்பும் கட்டுப்பாடும் ஒரே ஆளிடமிருந்து ஒரே குரலில் வந்தன. எது மருந்து, எது தடை என்று பிரித்துக் கேட்க அவளுக்கு வயதும் இல்லை, இடமும் இல்லை.

இன்னொரு மாற்றமும் நடந்துவிட்டது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை வழியாக நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. பாட்டிகளின் பத்தியமும் வெந்நீரும் சுகப்பிரசவ உடம்புக்காக வகுக்கப்பட்டவை. வயிற்றில் தையலோடு வருகிறவளுக்கு எப்படி எழுந்து உட்காருவது, இருமும்போது வயிற்றை எப்படித் தாங்குவது, தையலை எப்படி உலர்வாக வைத்துக்கொள்வது, எந்த எடைவரை தூக்கலாம் என்பதற்குப் பாட்டியிடம் பதில் இல்லை. மருத்துவமனையோ சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பெரிய வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட வேறு எந்த நோயாளியிடமும், இரவெல்லாம் விழித்திருந்து இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள் என்று நாம் சொல்வதில்லை.

உடம்பில் என்னென்ன மாறுகிறது

முதலில் தூக்கம். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கிறது. குடிக்க வைத்து, ஏப்பம் வர முதுகு தடவி, ஈரத்துணி மாற்றி, மறுபடி தூங்கவைத்துத் தலையணையில் சாய்வதற்குள் அடுத்த பசி நெருங்கிவிடுகிறது. தூக்கத்தின் மொத்த நேரத்தைவிட அது துண்டுபடுவதுதான் உடம்பை முறிக்கிறது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் தாய்மார் முன்னைவிடச் சராசரியாக ஒரு மணிநேரம் குறைவாகத் தூங்கினார்கள் என்று காட்டியது. தந்தையருக்குக் குறைந்தது கால்மணி நேரம். முதல் பிள்ளை பிறந்து நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் தாயின் தூக்கம் பழைய அளவைவிடச் சுமார் இருபது நிமிடம் குறைவாகவே இருந்தது. நாற்பது நாளில் பத்தியத்தை முடித்து அவளைப் பழைய ஆளாக எண்ணிவிடும் நம் வீடுகள் இந்த ஆறு ஆண்டு என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்.

'பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை தூங்கும் அந்த முக்கால் மணிநேரத்தில்தான் அவள் குளிக்க வேண்டும், துணி அலச வேண்டும், சாப்பிட வேண்டும், உலை வைக்க வேண்டும். அந்த வேலைகளை எடுத்துக்கொள்ள வேறொருவர் இருந்தால் மட்டுமே அந்த அறிவுரை அறிவுரையாகும்.

சாப்பாட்டில் நடப்பது இன்னும் நுட்பமானது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் நாளுக்குக் கூடுதலாக 600 கிலோகலோரியும், அடுத்த ஆறு மாதத்தில் 520 கிலோகலோரியும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தன. கர்ப்ப காலத்தைவிடப் பால் கொடுக்கும் காலத்தில்தான் உடம்பு அதிகம் கேட்கிறது. வீடு செய்வது நேர்மாறு. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடு' என்று தட்டில் அள்ளி வைக்கிறது. பிள்ளை வெளியே வந்தபின் கவனம் முழுவதும் பிள்ளைமேல் போய்விடுகிறது. பத்தியக் காலம் முடிந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தொடங்கும் மாதங்களில் தாயின் சாப்பாடு பிள்ளை மிச்சம் வைத்த பருப்புச் சாதத்தில் தொடங்கி, நின்றபடி குடித்த ஆறிப்போன காபியில் முடிகிறது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவது எப்போது நின்றது என்று கேட்டால் பல தாய்மாருக்கு நினைவில்லை.

மாத்திரைக்கும் இதே கதிதான். கர்ப்பத்தில் ஒரு நாள் தவறாமல் போட்ட இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும் என்பது அரசின் திட்டம். கால்சியம் மாத்திரையும் ஆறு மாதத்துக்கு உண்டு. முன்பு அது பிள்ளைக்கான மாத்திரை, அதனால் மறக்கவில்லை. இப்போது அது தாய்க்கு மட்டுமான மாத்திரை, அதனால் அலமாரியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று அதே ஐந்தாவது கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணுக்குள் இந்த அலமாரிகளும் இருக்கின்றன.

முடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்மார் முதலில் கலங்கிப்போவது அதைக் கண்டுதான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கிறது, தலை அடர்த்தியாகத் தெரிகிறது. பிரசவத்தோடு அந்தச் சுரப்பு சரிய, தங்கி நின்ற முடியெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் ஒன்றாகக் கொட்டுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். காரணம் தவறு, ஆனால் காலக்கணக்கு வியப்பூட்டும் அளவுக்குச் சரி. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடும் இந்த முடி உதிர்வுக்கு எண்ணெயும் ஷாம்பூவும் விற்கும் வணிகம் பெரிதாக வளர்ந்திருக்கிறது. கவலையில் பணம் செலவழிக்க வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொன்னாலே அந்தத் தாய்க்குப் பாதிச் சுமை இறங்கும். ஆனால் முடி திரும்பி வந்தாலும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் திரும்பி வருவதில்லை. எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகையில் காயவைக்க ஒரு மணிநேரமாவது வேண்டும். அந்தப் புகையும் வாசமும் இப்போது தொட்டிலுக்கு மட்டும் போகின்றன. இடுப்புவரை வளர்த்த முடியைத் தோளோடு வெட்டிக்கொள்கிறவர்கள் அழகுக்காக வெட்டுவதில்லை.

இப்படிச் சின்னச் சின்னதாகக் கழற்றி வைத்தவை ஏராளம். பிள்ளையின் தோலில் கீறும் என்று வளையல், பிடித்து இழுக்கிறது என்று தொங்கட்டான், அறுத்துவிடும் என்று சங்கிலி, தும்முகிறது என்று மல்லிகைப்பூ. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிறாள். பால் கொடுக்க எளிது என்று போட்ட நைட்டி இரண்டு மூன்று ஆண்டுக்கு உடையாகவே நின்றுவிடுகிறது. இவற்றில் சிலவற்றை மனநிறைவோடு விடுகிறாள் என்பது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. விட்டதை மறுபடி எடுப்பதற்கு வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது.

பல்லைப் பற்றிச் சுருக்கமாக. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை தவறு. எலும்பிலிருந்துதான் எடுக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம்வரை குறைந்து, பால் மறக்கடித்தபின் பெரும்பாலும் மீள்கிறது. பல் கெடுவதற்குக் காரணங்கள் வேறு: கர்ப்பத்தில் வீங்கிய ஈறு, வாந்தியின் அமிலம், இரவில் பல் துலக்காமலே தூங்கிவிடுவது, பல் மருத்துவரிடம் போவதை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுவது.

சராசரிக்குள் மறையும் தாய்

நேரத்தைக் கணக்கெடுத்தால் என்ன தெரிகிறது? மத்திய புள்ளியியல் துறை 2019இலும் 2024இலும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 2024இன் முடிவில் தூக்கம், உணவு, குளியல் உள்ளிட்ட தன்பேணலுக்கு ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 710 நிமிடமும் பெண்கள் 706 நிமிடமும் செலவிடுகிறார்கள். நான்கு நிமிட வித்தியாசம். இதைப் பார்த்துவிட்டு எல்லாம் சமம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள்.

அந்தச் சராசரி ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்தது. பள்ளிக்கூடத்துச் சிறுமியும் எழுபது வயதுப் பாட்டியும் அதில் உண்டு. நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்கும் கணக்கெடுப்பில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதும் அமைதியாக உட்கார்ந்து சாப்பிட்டதும் ஒன்றுபோலச் சாப்பாடாகவே பதிவாகும். எத்தனை முறை எழுந்தாள் என்று அதில் கட்டமில்லை. உண்மை வெளிப்படுவது மற்ற வரிசைகளில். 15 முதல் 59 வயதுவரையுள்ளவர்களில் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்த பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். செய்தவர்களுக்குள்ளும் பெண்ணுக்கு அது 140 நிமிடம், ஆணுக்கு 74 நிமிடம். சமையல், துப்புரவு போன்ற கூலியில்லா வீட்டுவேலை பெண்ணுக்கு மேலும் 305 நிமிடம். இந்த வேலைகளைச் செய்து முடித்துவிட்டும் பெண் ஆணுக்குச் சமமாகத் தன்னைப் பேணிக்கொள்கிறாள் என்று கணக்குக் காட்டினால், அந்த 706 நிமிடங்கள் எப்படிப்பட்ட நிமிடங்கள் என்று சந்தேகப்படுவதுதான் முறை.

பிள்ளை இன்னொருவர் கையில் இருக்கும்போதும் தாய் முழுதாக விடுபடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அழுகை கேட்டதுபோல் இருந்து, குழாயை மூடிவிட்டுக் காதுகொடுத்திராத தாய் அரிது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் முதன்முறை தாயானவர்களின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. பிறர் மனத்தை உணர்வதோடு தொடர்புள்ள பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்து, அந்த மாற்றம் குறைந்தது இரண்டு ஆண்டு நீடித்ததை அது காட்டியது. மூளை சிதைவதன் அடையாளமாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கவில்லை. பிள்ளையை நோக்கிக் கூர்மையாவதாகவே பார்த்தார்கள். அந்தக் கூர்மைக்குத்தான் குளியலறைவரை எட்டும் காது உண்டு. ஆகவே அவளுக்குத் தேவைப்படுவது ஏதோ ஒரு கை அல்ல, அவள் மனம் நம்பி விட்டுவிடக்கூடிய கை. எப்போதாவது பிள்ளையைத் தூக்குகிறவரிடம் கொடுத்துவிட்டு எந்தத் தாயாலும் கண்ணை மூட முடியாது. தினமும் தூக்கிப் பழகிய தந்தையிடம் கொடுத்துவிட்டு முடியும்.

மனநலத்துக்கு வருவோம். வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2002இல் பிரிட்டனின் உளமருத்துவ இதழொன்றில் வந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். என்ன காரணங்கள் அதோடு சேர்ந்து வந்தன என்பதைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். குறைந்த வருமானம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது. கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள். அவற்றோடு, வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது. உடலுழைப்பில் ஒரு துணை இல்லாமை ஒரு பெண்ணின் மனத்தை நோயில் தள்ளுகிறது என்று நம் மண்ணின் கிராமங்களே சான்று சொல்லியிருக்கின்றன. நாடு முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வந்த மதிப்பீடு, இந்தியத் தாய்மாரில் 22 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. தலைவாராமல், குளிக்காமல், சாப்பிடப் பிடிக்காமல் இருக்கும் பெண்ணைச் 'சோம்பேறி' என்றும் 'பிள்ளை பெற்ற அசதி' என்றும் சொல்லிக் கடந்துபோகிறோம். தன்னைப் பேணுவதை ஒருத்தி அடியோடு விட்டுவிட்டால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

கை யாருடையது?

இதுவரை 'இன்னொரு கை' என்று சொல்லிவந்தது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கை. அம்மா, மாமியார், அத்தை, சித்தி, மூத்த மகள். மகள் குளித்துவிட்டு வரும்வரை பேரனை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து அறுபது வயது. மூட்டுவலி உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு, சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டியவள். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் அவளுடைய நடைப்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் நின்றுபோகின்றன. கூலிக்குப் போகிறவளானால் அந்த மாதங்களின் கூலியும் போகிறது. ஏழை வீடுகளில் தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எடுக்கிறாள். ஒரு தாயின் குளியலும் தூக்கமும் இன்னொரு பெண்ணின் உடம்பிலிருந்தோ படிப்பிலிருந்தோ எடுக்கப்படுமானால், நாம் எதையும் தீர்க்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறோம். பழைய ஏற்பாட்டை ஏக்கத்தோடு புகழ்கிறவர்களிடம் எனக்குள்ள கருத்து வேறுபாடு இதுதான்.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்கலாம். 1961ஆம் ஆண்டின் பிரசவப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 26 வாரச் சம்பள விடுப்பு என்றாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை என்பது 1961ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் விடுப்பு 12 மாதம். இவை பெரிய வெற்றிகள். ஆனால் வயலிலும், வீட்டுவேலையிலும், பீடி சுற்றுவதிலும், வீட்டிலிருந்தபடியே தைப்பதிலும் இருக்கும் பெண்களை இந்த விடுப்பு தொடுவதில்லை. அவர்களுக்கு இருப்பது 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து அதன் மதிப்பு 18,000 ரூபாய். பணம் உணவாகலாம், மருந்தாகலாம். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கையாக அது மாறுவதற்கு வழி இல்லை.

வயதை வைத்துப் பார்த்தால் பள்ளம் தெளிவாகத் தெரியும். சட்டம் தரும் விடுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது. அங்கன்வாடியில் பிள்ளையை விட வேண்டுமானால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வயது நிரம்ப வேண்டும். நடுவில் உள்ள ஒன்றரை ஆண்டுக்கு யாரும் பொறுப்பில்லை. பிள்ளை தவழத் தொடங்கி, நடக்கத் தொடங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும் காலம் அது. ஒரு நிமிடமும் கண்ணெடுக்க முடியாத காலம். தாய்வீட்டுப் பத்தியம் முடிந்து அவள் திரும்பிவிட்ட காலமும் அதுவே. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் நல்லதொரு யோசனை இருந்தது: வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும். பிள்ளையை வைத்திருப்பது கூலிக்குரிய வேலை என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. அந்த எண்ணத்தைத் தெருவுக்கும் குடியிருப்புக்கும் விரிப்பது கற்பனைக்கு எட்டாத காரியமில்லை.

தந்தையின் பங்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. தனியார் துறையில் எல்லாருக்கும் பொருந்தும் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லாத பகுதி இது. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே தந்தையால் முடியும். இரவு இரண்டு மணிக்கு ஏப்பம் எடுக்க வைக்கலாம், துணி மாற்றலாம், காலையில் ஒரு மணிநேரம் மொட்டைமாடியில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அந்த ஒரு மணிநேரம் அவளுக்கு உடையாத தூக்கமாகும். தாய்வீட்டில் மூன்று மாதம் என்ற வழக்கம் தந்தையை இந்தப் பழக்கத்திலிருந்து விலக்கி வைத்துவிடுகிறது. அவர் வார இறுதியில் விருந்தாளியாக வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறார். மூன்றாம் மாதம் மனைவியும் பிள்ளையும் வீட்டுக்கு வரும்போது பிள்ளையைத் தூக்கத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டில் மருமகனுக்கும் ஒரு பாய் போட வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி, இது உடனே செய்யக்கூடியது. கர்ப்பகாலச் சர்க்கரையை எல்லாக் கர்ப்பிணிகளிடமும் பரிசோதிக்கும் முறையைத் தமிழ்நாடு 2007இலேயே தொடங்கியது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அப்படிச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பிரசவமாகி ஆறாவது வாரத்தில் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணிநேரம் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரையும் ஆறாவது வாரத்தில் தாயை ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. பிள்ளையின் முதல் ஐந்துநோய்த் தடுப்பூசிக்கும் அதே ஆறாவது வாரம்தான். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் அந்தத் தாய். ஊசி போட்டதும் பிள்ளை அழும், காய்ச்சல் வரும், அவள் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். அன்றைக்கே அவள் சர்க்கரையையும் ரத்த அளவையும் பார்த்துவிடலாம், தையல் ஆறியதா என்று கேட்கலாம், தூங்குகிறாளா, அழுகிறாளா என்று கேட்கலாம். வேண்டியது இரண்டு. அவளுக்கென்று ஒரு குவளை குளுக்கோஸ் தண்ணீரை எடுத்து வைக்கும் செவிலியர். அந்த இரண்டு மணிநேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பதற்காக, அன்றைக்குச் சம்பளம் பிடிக்கப்படாமல் விடுப்பு பெற்று வந்த தந்தை.